சூடாக இருந்த எஞ்சின்

மூடியின் மேல் வைத்த கையை வேல்விழி எடுக்கவில்லை. அந்தப் பழைய படகு எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தது.

"இப்பத்தான் ஓடுச்சோ?"

"இல்லையே மேடம். வெயில்ல கெடந்திருக்கும்," என்றாள் லாட்ஜ்காரி சனோபர்.

அது கிடந்ததோ கார் ஷெட்டின் உள்மூலையில். அங்கே வெயில் எட்டிப் பார்க்கவே வழியில்லை. வேல்விழி தலையாட்டிவைத்தாள். போலீஸில் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். முதல் பொய்யை உடனே மடக்கினால் அடுத்தது வராது என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கும் கணவர் மகாராஜாவுக்கும் தூண்டில் பைத்தியம். இலஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த சங்கரபாண்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர்களைத் தங்கள் சின்ன ஃபைபர் படகில் போய் மீன்பிடிக்க விட்டிருந்தார். படகைக் கரையிலேயே கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். அதன் பின்னால் மாட்டும் மோட்டாரை மட்டும் ஒவ்வொரு முறையும் வீட்டிலிருந்து கொண்டுபோய், வீட்டுக்கே திரும்பக் கொண்டுவருவார்கள். கரையிலுள்ள அவரது காவல் ஷெட்டில் வைக்க வேல்விழிக்கு மனசு ஒப்பவில்லை. அந்த மோட்டார்தான் பங்குனியில் உள்ளே இறுகி நின்றுபோனது. சாரல் விழுந்து குளம் பெருகுவதற்குள் வேறு வாங்கியாக வேண்டும்.

தூத்துக்குடி கடையில் புது ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்றைப் பார்த்துவைத்திருந்தாள். கேரண்டி உண்டு, பெட்ரோலும் அதிகம் குடிக்காது. மகாராஜாவுக்கு அது பிடிக்கவில்லை. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பழைய டூ ஸ்ட்ரோக் கிடக்கிறது, கைக்கு அடக்கமானது என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்காய் வாங்கினால்கூட யோசிக்காமல் தலையாட்டுகிற மனிதர், இதில் மட்டும் ஏன் இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

டீ வந்தது. சனோபர் ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து மகாராஜாவிடம் நீட்டினாள். "இதுல சீனி போடல அண்ணாச்சி."

வேல்விழி டம்ளரையும் பார்த்தாள், கணவரையும் பார்த்தாள். அவர் சீனியை விட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. 'இந்த லாட்ஜை நானும் இன்னைக்குத்தான் பாக்கப்போறேன்' என்று காரில் வரும்போது சொன்னவர் அவர். இப்போது சுவரில் ஓடிய பல்லியை வெகு அக்கறையாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

இதில் இவருக்கு என்ன கிடைக்கிறது? கமிஷனா? இல்லை, அதைவிடக் கேவலமான ஏதாவதா? சனோபருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், களையான முகம். சே, என்ன புத்தி இது என்று தன்னைத் தானே வைதுகொண்டாள். ஆனாலும் கண் எஞ்சினைவிட்டு அவர்கள் இருவர் மேலும் போய்ப் போய் வந்தது. எஞ்சினின் அடிப்பாகத்தில் மட்டும் புது நீலப் பெயிண்ட் அடித்திருந்தது.

"இது எதை மறைக்க?"

"மறைக்க இல்ல மேடம். சீசனுக்காக கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சோம். மிச்சத்தை வாட்ச்மேன் இதுலயும் இழுவிட்டான்."

வாசல் கேட்டும் அதே நீலம்தான். அதனால் வேல்விழிக்குச் சமாதானம் வரவில்லை. டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை மாட்டச் சொன்னாள். வாட்ச்மேன் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைப் பிடிக்கப் போனபோது தடுத்தாள்.

"சூடு நல்லா ஆறட்டும். அதுவரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

வெகுநேரம் கழித்து மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள். "என்னங்க, நீங்க இழுங்க."

"அவன்தான் நிக்கானே, அவன் இழுக்கட்டும்."

"குளத்துல அவனா வந்து இழுக்கப்போறான்? உங்க எஞ்சின், நீங்க இழுங்க."

மகாராஜா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். ஒரே இழுப்பு. எஞ்சின் முக்கிவிட்டு நின்றது. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. இடக்கை தானாக அடிவயிற்றுக்குப் போக, அப்படியே டிரம்மின் விளிம்பில் சாய்ந்தார்.

வேல்விழி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன செய்யுது? எங்க வலிக்கு?"

"ஒண்ணுமில்லட்டி."

"உண்மையச் சொல்லுங்க."

படியில் உட்காரவைத்ததும்தான் வாயைத் திறந்தார். குடலிறக்கமாம். மாசி மாசமே தென்காசி டாக்டர் பார்த்து, ஆபரேஷன் செய்தே ஆகணும், பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"புது மோட்டார் கனம் எனக்கு ஆகாது. சொன்னா நீ படகையே வித்துப்போடுவே. அதான் லேசா ஒண்ணு தேடினேன். ரெண்டு மட்டம் வந்து பாத்தேன். இன்னைக்குக் காலையில ஓட்டி வைக்கச் சொன்னதும் நாந்தான். ஒரே இழுப்புல பிடிச்சாத்தான நீ சரிங்கப்போறே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்," என்றாள் சனோபர் தவிப்போடு. "அண்ணாச்சி சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன்."

வேல்விழிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நேரம் அந்த மனிதரைப் பற்றி எதையெல்லாம் நினைத்துவிட்டோம்! யாரையும் பார்க்கப் பிடிக்காமல் எழுந்துபோய்க் கயிற்றைத் தானே இழுத்தாள். கை ஓய்ந்துபோகும்வரை இழுத்தாள். கடைசியில் எஞ்சின் பிடித்தது. புகைக்குள் குனிந்து பார்த்தாள். எஞ்சினைக் குளிரவைத்த தண்ணீர் பீய்ச்சி வரவேண்டிய ஓட்டையில் ஒரு சொட்டுகூட வரவில்லை. கொஞ்சநேரத்தில் தீய்ந்த வாடை அடித்தது. அணைத்துவிட்டாள்.

"இதை வாங்கியிருந்தா நடுக்குளத்துல நின்னுருக்கும். அப்புறம் கரைக்குத் துடுப்புப் போடுறது யாரு? நீங்களா?"

மகாராஜா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மெல்ல எழுந்தார்.

அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனார்கள். கணவர் சொன்னதை அப்படியே நம்பாமல், எல்லாவற்றையும் டாக்டர் வாயாலேயே முதலிலிருந்து சொல்லவைத்துக் கேட்டாள். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த சங்கரபாண்டி, புது மோட்டாரைத் தன் ஷெட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். "மாட்டுறது கழத்துறதெல்லாம் என் ஆளுக பாத்துக்கிடுவானுவ. இத்தன வருசமா இதத்தான சொல்லுதேன்? நீங்கதான் கேக்கமாட்டேங்கீய."

வேல்விழி கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தூத்துக்குடிக்குப் போன் போட்டாள்.

"அந்த ஃபோர் ஸ்ட்ரோக்தான். பெட்டிய நான் வந்துதான் உடைப்பேன். அதுக்கு முன்ன யாரும் தொட்டிருக்கக் கூடாது, ஆமா." போனை வைத்துவிட்டுச் சங்கரபாண்டியிடம் திரும்பினாள். "ஷெட்டுல வைக்கேன் அண்ணாச்சி. ஆனா பூட்டு என்னுது. உங்க ஆளு மாட்ட வரும்போது நான் வந்து திறந்துவிடுவேன்."

மகாராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, சிரிக்க வைக்காத. தையல் இழுக்கு."

அவள் சிரிக்கவில்லை. நர்ஸ் நீட்டிய மாத்திரை அட்டையை வாங்கி, திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.