பின் சக்கரம்

அலமாரியில் கணவரின் சீருடைச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. வேலையிடத்து மேஸ்திரி. துக்கம் விசாரித்தார், பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். கடைவீதி மூலையில் புது நடைபாதைக்குப் பலகை அடித்தாயிற்று. மூன்று மணிக்குக் கான்கிரீட் லாரி வருகிறது. கொட்டலாமா?

கொட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். நேற்று இரவு கணவர் அந்த மூலையைப் பற்றிச் சொன்னது குறுக்கே வந்தது. பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டுச் சட்டையை இஸ்திரி போட்டாள்.

அவள் நகராட்சியில் சாலைகளை வரைகிற பொறியாளர். அந்தக் கடைவீதியைக் கார்களிடமிருந்து பிடுங்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கொடுக்க மூன்று வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கார் வரக்கூடாது, பேருந்து மட்டும் மெதுவாகப் போகலாம். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்களில் பாதிப் பேர் கொடி பிடித்தார்கள். மூன்று நாள் கழித்து நகரமன்றக் கூட்டம். கடைசி மூலை அதற்குள் முடியாவிட்டால் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு வீதியைப் பழையபடி விட்டுவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

கணவர் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருடமாக அதே வீதியில் அதே தடம். டிப்போவில் அவருக்கு 'ஆமை' என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். அந்த இருபத்தாறு வருடத்தில் யார் மீதும் உரசியதில்லை.

நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். அவர் தட்டும் கையுமாக நின்று எட்டிப் பார்த்தார்.

"இந்த மூலையில பின் சக்கரம் நடைபாதை மேல ஏறும்."

"ஏறாது. பஸ்ஸோட நீளம் அகலம் எல்லாம் குடுத்து கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாச்சு."

"கம்ப்யூட்டர்கிட்ட லைசென்ஸ் இருக்கா?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று பகல் முழுக்கக் கடைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஸ்டியரிங் பிடிக்கிறது உங்க வேலை, ரோடு போடுறது என் வேலை என்று எரிந்து விழுந்தாள். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். விடியற்காலையில் முதல் ஷிப்டுக்கு எழுப்பத் தோளைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார் மருத்துவர். அவர்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது, எல்லாமே காலைத் தேநீரோடு முடிந்துவிடும். இது மட்டும் முடியாமல் நின்றுவிட்டது. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

சீருடை போட்டு அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். டிப்போ ஆட்கள் வாசல் வரை நின்றார்கள். பதினோரு வருடம் அவரோடு ஒரே பேருந்தில் போன நடத்துநர் மட்டும் சமையலறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி அழுதுகொண்டிருந்தார். அவள் அவருக்குத் தேநீர் கொடுத்தாள். கொடுத்த கையோடு கேட்டும்விட்டாள். கடைவீதி மூலையில அவர் எப்படித் திருப்புவார்?

தம்ளர் கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். "அண்ணன் அங்க கிடக்கு. உங்களுக்கு இப்ப ரோடா அண்ணி?"

நடத்துநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரோடு காலியா இருந்தா எல்லாரும் வெளிய ஒதுங்கித்தான் வளைப்பாங்க. பக்கத்துலயோ பின்னாலயோ சைக்கிள் நின்னா ஆமை ஒதுங்கவே மாட்டாரும்மா. ஒதுங்கினா உள்பக்கம் சந்து விழும். வழி விடுறாங்கன்னு நினைச்சு சைக்கிள் அதுல பூந்துரும். அப்புறம் நசுங்கிரும். அதனால ஓரத்தை ஒட்டியே எடுப்பாரு. இப்ப எங்க டிப்போவுல எல்லாருமே அப்படித்தான்."

கணினியில் அவள் ஓட்டிய பேருந்து காலி வீதியில் தாராளமாக ஒதுங்கி, அழகாக வளைந்து போயிற்று. பேருந்தின் அளவு முழுவதையும் அதற்குச் சொல்லியிருந்தாள். பக்கத்தில் சைக்கிள் நிற்கும் என்பதைச் சொல்ல மறந்திருந்தாள். சைக்கிளுக்காகவே போடுகிற வீதியில்.

மேஸ்திரியைக் கூப்பிட்டாள். கொட்ட வேண்டாம், பலகை அப்படியே இருக்கட்டும், ஆட்களை மட்டும் மூலையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள் என்றாள்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். மயானத்துக்குக் கடைவீதி வழியாகத்தான் போக வேண்டும். அமரர் ஊர்தி முன்னால் போயிற்று, பின்னால் டிப்போ கொடுத்த பேருந்து. அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து, தனக்கு என்ன வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொன்னாள். பலகை உடைந்துவிடுமே என்று அவர் தயங்கினார்.

"உடையட்டும். அவர் எடுக்கிற மாதிரியே எடுங்க."

ஊர்தி சின்னது, மூலையைச் சுலபமாகக் கடந்து நின்றது. பேருந்து ஓரத்தை ஒட்டிச் சிவப்பு விளக்கில் நின்றபோது மூன்று சைக்கிள்கள் வெளிப்பக்கமாக வந்து நின்றன. ஒன்றின் பின்னிருக்கையில் ஒரு குழந்தை. பச்சை விழுந்தது. ஓட்டுநர் வெளியே ஒதுங்காமல் ஓரத்தை ஒட்டியே மெல்ல வளைத்தார். பின்னாலிருந்து படாரென்று மரம் முறியும் சத்தம் வந்தது. வண்டி ஒரு பக்கம் ஏறி இறங்கியது.

அவள் இறங்கி ஓடினாள். பலகை இரண்டாகக் கிடந்தது. கொட்டி வைத்திருந்த மண்ணில் டயர் தடம் ஒரு முழம் உள்ளே போயிருந்தது. வரைபடத்தில் ஒரு அம்மாவும் குழந்தையும் நிற்பதாக அவளே பொம்மை போட்டிருந்த இடம் அது. காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. நடுவீதி என்றும் பார்க்காமல் அழுதாள். அவர் சொன்னது சரி என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மேஸ்திரி பொறுத்துப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். லாரியை ஐந்து மணிக்குத் தள்ளிப்போடச் சொல்கிறேன், அதற்குள் பலகையை மாற்றி அடித்துவிடலாம் என்றார். "கூட்டத்தன்னிக்கு ஜனங்க இதுல நடப்பாங்கம்மா. எவ்வளவு உள்ள தள்ளணும்னு மட்டும் சொல்லுங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடமிருந்து அளவு டேப்பை வாங்கினாள். மறுநுனியைப் பிடிக்க ஆள் தேடித் திரும்பியபோது பேருந்திலிருந்து நாத்தனார் இறங்கி வந்துகொண்டிருந்தாள். இன்னும் என்ன கேட்கப் போகிறாளோ என்று இருந்தது. நாத்தனார் உடைந்த பலகையைப் பார்த்தாள், டயர் தடத்தைப் பார்த்தாள். புடவையைச் செருகிக்கொண்டு மண்ணில் குந்தி, டேப்பின் நுனியைத் தடத்தின் ஓரத்தில் வைத்தாள்.

"இங்கயா அண்ணி?"

"இன்னும் கொஞ்சம் உள்ள."

நாத்தனார் நகர்த்தி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் சுண்ணாம்புப் பொடியால் தடத்தை ஒட்டிப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். அமரர் ஊர்தி அங்கேயே காத்திருந்தது. சைக்கிள்கள் இப்போது பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. வழி இருந்தது, ஆனாலும் யாரும் முந்திப் போகவில்லை. ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றியபடி, அவள் கோடு முடிக்கும் வரை நின்றார்கள்.