பின்வீட்டுத் தேய்ப்புப் பெட்டி

“பல்பு மங்குச்சா, இல்ல ஏறி எரிஞ்சுச்சா தாயி?”

வயர்மேன் சுருளி கேட்டது ஜெயக்கொடியிடம். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அவளிடம் அந்த வீட்டில் யாரும் எதையும் விசாரிப்பதில்லை. அப்பா வெள்ளைத்துரையே முந்திக்கொண்டார்.

“மூணு பல்பு வெடிச்சிருச்சுப்பா. ரேடியோ புகைஞ்சிருச்சு. பின்வீட்டுக்காரி தேய்ப்புப் பெட்டி கரண்டையெல்லாம் உறிஞ்சிருது.”

பின்வீட்டில் வாடகைக்கு இருந்த தங்கப்பொண்ணு, ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். அவளுடைய பெட்டியை முந்தாநாளே பிடுங்கி வைத்துக்கொண்டு, மாசம் பிறந்ததும் காலி பண்ணச் சொல்லியிருந்தார்.

“அம்புட்டுக் கரண்டையும் குடிச்சா பெட்டி சூடாகணும்லண்ணே? சட்டைச் சுருக்கமே போகல” என்றாள் அவள்.

ஜெயக்கொடி உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்திருந்த நோட்டை எடுத்து வந்து, மற்ற வரிகளை உள்ளங்கையால் மறைத்தபடி சுருளியிடம் நீட்டினாள்.

‘செவ்வாய், பகல் பதினொன்று. அக்கா பெட்டி போட்டாள். அவள் வீட்டு விளக்கு சிறுத்தது. நம் வீட்டு விளக்கு கண் கூச எரிந்தது. பெட்டியை நிறுத்தியதும் இரண்டும் பழையபடி.’

சுருளி இருமுறை படித்தார். உடனே மெயினை அணைத்தார்.

“பெட்டி உறிஞ்சுனா முன்வீடும் மங்கணும்ணே. ரெண்டு வீட்டுக்கும் கரண்டு வர்ற பேஸ் கம்பி வேற வேற. கரண்டு திரும்பிப் போற நியூட்ரல் மட்டும் ஒண்ணு. அது எங்கயோ விட்டுருக்கு. அதான் ஒரு பக்கம் குறைஞ்சு, ஒரு பக்கம் ஏறுது.”

“இம்புட்டுத்தானா? அடிபம்புல ஒரு கம்பியக் கட்டி நியூட்ரல் எடுத்துரு. பரவையில என் மச்சான் அப்படித்தான் ஓட்டுறான்.”

“கரண்டு ஏறிப் பம்பே ஆளைப் பிடிச்சுக்கிரும்ணே. இங்க தண்ணி அடிக்கிறது யாரு?”

வெள்ளைத்துரை மகளைப் பார்த்தார்.

சுருளி வீட்டுக்குள் இருந்த இணைப்புகளைப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. மீட்டருக்கு அந்தப் பக்கம் தன் கை போகக்கூடாது என்று சொல்லி மின்வாரிய லைன்மேனை அழைத்து வந்தார். லைன்மேன் தெருவுக்கே கரண்டை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறினார். வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி முடிச்சில் கருகி, ஒரே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டிப் புதிதாகக் கட்டினார்.

சுருளி மீட்டர் பலகையில் டெஸ்ட் லாம்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இப்ப பெட்டியப் போடுங்க” என்றார்.

வெள்ளைத்துரையே பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கப்பொண்ணு சுவிட்சைத் தட்டினாள். முன்வீட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள் ஜெயக்கொடி. அது அசையவில்லை.

“சூடு ஏறுதுண்ணே” என்ற தங்கப்பொண்ணு, தயங்கி, “அப்ப மாசம் பிறந்தா நான்…” என்று இழுத்தாள்.

வெள்ளைத்துரை போட்டிருந்த கசங்கிய சட்டையைக் கழற்றினார். அவளுடைய தேய்ப்புப் பலகைமேல் அதை வைத்துவிட்டு முன்வீட்டுக்குப் போனார்.