ஹலீம் வீட்டு வேகம்

பேரன் கிஷாந்த் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்த நேரத்தில் படம் நின்றது. சிதம்பரநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். டேப்லெட்டின் திரையில் பேரனின் வாய் திறந்தது திறந்தபடியே இருக்க, அதன் நடுவில் வெள்ளை வளையம் ஒன்று சுற்றத் தொடங்கியது. ஏழு மாதமாக அவர் அந்த வளையத்தைப் பார்த்து வருகிறார். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய யோகேஸ்வரியின் முகத்தைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. டொரன்டோவில் புறப்படுகிற படம் கடலுக்கடியில் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு ஒரே நொடியில் கொழும்புக்கு வந்துவிடும், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகுதான் கோளாறு. ஹட்டனில் இறங்கி ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் முடித்து, நோர்வூட்டில் பஸ் மாறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு அது பொகவந்தலாவைக்கு வந்து சேர்வதற்குள் பேரனுக்கு மீசை முளைத்துவிடும்.

யோகேஸ்வரி சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் அங்கிட்டுப் போயிட்டு வாரேங்க."

"ரெண்டு நிமிஷம் பொறு. வந்துரும்."

"போன சனிக்கிழமையும் இதத்தான் சொன்னீங்க. அதுக்குள்ள புள்ள வெளயாடப் போயிட்டான்."

அங்கிட்டு என்றால் ஹலீம் வீடு. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஹலீமுக்கும் இவருக்கும் நடுவே ஒரு சுவர்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே நாள், ஒரே கம்பத்திலிருந்துதான் பைபர் லைன் இழுத்தார்கள். மாதச் சந்தாவும் ஒன்றுதான். ஆனால் ஹலீம் வீட்டில் நெட் குதிரையாக ஓடியது. ஹலீம் கிரிக்கெட் பார்த்தால் பந்துவீச்சாளர் பந்தை விடுவதற்கு முன்பே இங்கே விக்கெட் விழுந்துவிடும் என்று பஜாரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவரே சிதம்பரநாதன்தான். வயிற்றெரிச்சலில் அவர் சொன்னதை மற்றவர்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். மொபைல் சிக்னலில் படம் பார்க்கலாம் என்றால் அதற்கு மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். அந்தக் குளிரில் அங்கே நின்று பேரனிடம் பேசினால் பேரன் பார்ப்பது தாத்தாவின் பல் தந்தியடிப்பதைத்தான்.

மகள் ஹலீமின் ஃபோனுக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. முதலில் யோகேஸ்வரி, பிறகு ஹலீம், அதற்கப்புறம் பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, பக்கத்து அறையில் இருப்பதுபோல, கிஷாந்த். சிதம்பரநாதன் காதைச் சுவரில் வைக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

"தாத்தா, பூன," என்றது குழந்தையின் குரல்.

"பூன வாறான் மகன், இந்தா வாறான்," என்றார் ஹலீம். பூனை ஒன்று கத்தியது. அது உண்மையான பூனையா, ஹலீமா என்று தெரியவில்லை.

தாத்தா என்றால் ஹலீம். அது நான்கு வாரத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. அப்போது படம் உறைந்து குரல் மட்டும் தப்பி வந்த ஒரு நேரத்தில், மகள் பிரியந்தினி தன் டேப்லெட்டைக் குழந்தையிடம் காட்டி, "இது யாரு சொல்லு? யாருப்பா இது?" என்று கேட்டது இவருக்குத் தெளிவாகக் கேட்டது. குழந்தை கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: "போட்டோ."

அதில் தப்புச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை தன் இரண்டு வயது வாழ்க்கையில் இவரைப் பார்த்ததெல்லாம் ஒரே கோலத்தில்தான். வாய் பாதி திறந்திருக்கும், இடது கண் பாதி மூடியிருக்கும், கூப்பிடப் போன வலது கை காதுக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கும். ஹலீமோ அசைந்தார், தலையாட்டினார், பூனையைத் தோளில் ஏற்றினார். அசைகிறவன் தாத்தா, அசையாதவன் போட்டோ. குழந்தையின் கணக்கு சரிதான். சரியாக இருந்ததுதான் சிதம்பரநாதனின் நெஞ்சில் மிளகாய் அரைத்தது.

அவர் கம்பெனியைச் சும்மா விட்டுவிடவில்லை. பதினொரு முறை வீட்டு ஃபோனில் கூப்பிட்டிருந்தார். சிங்களத்துக்கு ஒன்றை அழுத்து, தமிழுக்கு இரண்டை அழுத்து என்பார்கள். இரண்டை அழுத்தினால் ஒரு வயலின் வாசிக்கும். அந்த வயலின்காரர் வாசித்து வாசித்து, இந்த ஏழு மாதத்தில் அவருக்கே கை நன்றாகத் தேறிவிட்டது என்பது சிதம்பரநாதனின் அபிப்பிராயம். அரை மணி கழித்து ஒரு பெண் பிள்ளை வருவாள்.

"வணக்கம் ஐயா. உங்கள் ரவுட்டரில் எத்தனை லைட் எரிகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?"

அவர் போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். "பச்ச நாலு எரியுதும்மா. ஒண்ணு மினுங்குது."

"எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது ஐயா. இப்போது வேகத்தைப் பாருங்கள்."

பார்ப்பார். ஓடும். ஹலீம் வீட்டுக் குதிரைக்குத் தம்பிபோல ஓடும். அவள் நன்றி சொல்லி ஃபோனை வைப்பாள். அவர் பெட்டியை மூடிவிட்டு வந்து உட்காருவார். வெள்ளை வளையம் வந்துவிடும்.

இதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கொழும்பில் அந்தப் பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய்போல ஒன்று இருக்கிறது. ஆள் கூப்பிட்டால் திறப்பாள், ஃபோனை வைத்ததும் மூடிவிடுவாள். ஹலீம் வீட்டுக் குழாயை மட்டும் மூடுவதே இல்லை. ஏன் மூடுவதில்லை? லைன் இழுக்க வந்தவர்களுக்கு ஹலீமின் மனைவி ஷப்னா இனிக்க இனிக்க வட்டிலாப்பம் கொடுத்தாள். அதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். இவர் வீட்டில் கொடுத்தது வெறும் தேத்தண்ணி. சில வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சாயந்தரம் ஐந்து நிமிஷம் நன்றாக ஓடுவதையும் அவர் கவனித்திருந்தார். கம்பெனியில் யாரோ பக்திமான் இருக்கிறார் என்று அதற்கும் ஒரு விளக்கம் கையில் வைத்திருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் ஹலீம் வாசலில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். "நேத்து மகரிபு தொழுகைக்குப் பொறகு கொஞ்சம் ஸ்லோவா இருந்திச்சி. பெரிய விஷயமில்ல, சும்மாதான் சொல்றேன்," என்றது சிதம்பரநாதன் காதில் விழுந்தது. கொஞ்சம் ஸ்லோவாம். பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கம்பெனி வேன் வந்து நின்றது. ஏணியும் வயருமாக, நரைத்த மீசை வைத்த ஒரு சிங்கள டெக்னீஷியன் இறங்கி நேரே ஹலீம் வீட்டுக்குள் போனார்.

சிதம்பரநாதன் சோற்றுக் கையோடு எழுந்தார்.

"ஏங்க, கையக் கழுவிட்டுப் போங்க," என்றாள் யோகேஸ்வரி.

"பதினோரு தடவ கூப்பிட்டேன். ஒரு ஈ காக்கா வரல. அங்க ஒரு தடவ சும்மா சொன்னாராம், வேன் வந்து நிக்கிது."

அவர் போய், ஹலீம் வீட்டு வாசலில் சாத்தியிருந்த ஏணியைப் பிடித்துக்கொண்டார். டெக்னீஷியன் வெளியே வந்து ஏணியைக் கேட்டபோது, தன் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஏணி இந்த ஊரைவிட்டுப் போகும் என்று தெரிவித்தார். டெக்னீஷியன் தன் ஃபோனில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஐயா என்பதைச் சிங்களத்தில் சொல்லி ஆரம்பித்தார்.

"மாத்தயா, ஒங்க நம்பருக்கு பதினொரு கம்ப்ளைன்ட் இருக்கு. எல்லாம் 'தீர்ந்தது'ன்னு போட்டிருக்காங்க. தீர்ந்த வீட்டுக்கு எங்கள அனுப்ப மாட்டாங்க."

"யாருக்குத் தீந்தது?"

"அது ஆபிஸ்லதான் கேக்கணும்."

டெக்னீஷியன் நல்ல மனுஷன். ஏணிக்காகவோ இரக்கத்துக்காகவோ உள்ளே வந்தார். பின்னாலேயே ஹலீமும், அவர் பின்னால் பூனையும் வந்தது சிதம்பரநாதனுக்குப் பிடிக்கவில்லை. வயரைச் சோதித்த டெக்னீஷியன், லைனில் ஒரு குறையும் இல்லை என்று தலையாட்டினார். பிறகு ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"ரவுட்டர் எங்க மாத்தயா?"

"பத்திரமா இருக்கு," என்றார் சிதம்பரநாதன்.

மூலையில் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. பழைய காலத்துப் பலகைப் பெட்டி. கப்பலில் தேயிலை ஏற்றிய நாளில் செய்தது. உள்ளே ஒரு விரல் இடம் விடாமல் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். மூடியை இறக்கினால் பொகவந்தலாவை மழையே வந்து கும்பிட்டாலும் ஒரு சொட்டு ஈரம் நுழையாது. சிதம்பரநாதன் முப்பத்தொரு வருஷம் தேயிலை ஃபாக்டரியில் தூளின் பதம் பார்க்கும் டீமேக்கராக இருந்தவர். காய்ந்த தூளில் ஈரம் எவ்வளவு என்று மூக்கை வைத்தே சொல்லக்கூடியவர். மெஷின் வேறு அளவு காட்டினால் மெஷினைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவார்கள். மனுஷனுக்கும் தூளுக்கும் மெஷினுக்கும் ஒரே எதிரி ஈரம் என்பது அவருடைய முழு ஞானம். ரவுட்டர் வந்த அன்று, பனி ஜன்னல் வழியே ஹாலுக்குள் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, பெட்டியின் பின்பக்கம் வயருக்கு மட்டும் ஒரு துளை போட்டு அதை உள்ளே வைத்து மூடினார். கூடவே நமுத்துப்போகக் கூடாத மற்றவற்றையும் வைத்தார்: தீப்பெட்டி, சாம்பிராணி, சூடம்.

டெக்னீஷியன் மூடியைத் தூக்கினார். பச்சை விளக்குகள் ஈயத்தாளில் பட்டு, உட்புறமே ஒரு கோயில் கருவறைபோல மின்னியது. அவர் ஈயத்தாளைத் தட்டிப் பார்த்தார். மூடியை இறக்கினார். தன் ஃபோனைப் பார்த்தார். மறுபடி தூக்கினார், ஃபோனைப் பார்த்தார்.

"மாத்தயா," என்றார் மெதுவாக, "இந்தப் பொட்டிக்குள்ள ஈரம் போகாது. அதேமாதிரி சிக்னல் வெளிய வராது."

சிதம்பரநாதன் பெட்டியையே பார்த்தார். கொழும்புப் பிள்ளை லைட்டை எண்ணச் சொல்லும்போதெல்லாம் மூடியைத் திறந்தது அவருடைய கையேதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி எடுக்க மூடியைத் திறந்தது யோகேஸ்வரி. கம்பெனியில் பக்திமான் யாரும் இல்லை. பதினொரு தடவையில் ஒரு தடவை, ஐயா அந்த ரவுட்டரை எதற்குள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் என்ன, வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா என்று அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹலீமைப் பார்த்தார். ஹலீம் சிரித்திருந்தால் ஒரு சண்டை போட்டு ஆறுதல் அடைந்திருக்கலாம். ஹலீம் சிரிக்கவில்லை.

"அப்ப இனி இங்கேயே புள்ளையோட பேசலாம்," என்றார் ஹலீம், பூனையைக் கையில் எடுத்துக்கொண்டு. "நல்ல விஷயம் ஐயா." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "சனிக்கிழம வழமையான நேரந்தானே கூப்புடுவாங்க?"

"ஆமா," என்றார் சிதம்பரநாதன். வாங்க என்று சொல்லியிருக்கலாம். ஹலீமுக்கு இரண்டு மகள்கள். இரண்டு பேரும் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளை இன்னும் இல்லை. அது இவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயந்தரம் ரவுட்டர் பெட்டிக்குள் இல்லை, பெட்டியின் மேல் இருந்தது. அடியில் யோகேஸ்வரி பின்னிய மேசைத்துணி. சிதம்பரநாதன் ஷேவ் செய்து, சட்டைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டு, அசைவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். கையாட்ட, தலையாட்ட, புருவத்தைத் தூக்க என்று மத்தியானம் முழுக்கக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தார். யோகேஸ்வரி ஆவி பறக்கும் தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஹலீம் நானாவையும் ஒரு குரல் கூப்பிடட்டுமா? வாசல்லயேதான் நிக்கிறாரு."

"இன்னக்கி நம்ம வீட்டு நெட்டு."

மணியடித்தது. முதல் அடியிலேயே படம் வந்தது. பிரியந்தினியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

"அப்பா, என்னப்பா இது. ஒங்க மூக்கு மேல இருக்க மச்சங்கூடத் தெரியுது."

"தெரியும், தெரியும். புள்ளயக் காட்டு."

கிஷாந்த் வந்தான். சிதம்பரநாதன் இரண்டு கையையும் ஆட்டினார், தலையை ஆட்டினார், பழகியபடியே புருவத்தையும் தூக்கினார். குழந்தையின் முகம் சுருங்கியது. அவன் அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"கிஷா, தாத்தாடா. பாரு."

அவன் ஒரு கண்ணால் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான். "தாத்தா," என்றான், திரைக்கு வெளியே தேடுவதுபோல. "தாத்தா, பூன."

யோகேஸ்வரி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தன் வீட்டு வாசலில் ஹலீம் பூனையைத் தோளில் வைத்துக்கொண்டு, பனி இறங்கும் ரோட்டையே பார்த்தபடி நின்றார்; இந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டுக்கொண்டு. ஒரு குரல் கொடுத்தால் போதும். குழந்தை அழத் தொடங்கியிருந்தான்.

சிதம்பரநாதன் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த கைகளை மெல்ல இறக்கினார். பிறகு வாயைப் பாதி திறந்தார். இடது கண்ணைப் பாதி மூடினார். வலது கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அப்படியே உறைந்தார்.

அழுகை நின்றது. குழந்தை திரும்பிப் பார்த்தான். அம்மாவின் மடியிலிருந்து இறங்கித் திரைக்குப் பக்கத்தில் வந்தான்.

"போட்டோ," என்றான். சிரித்தான்.

"அம்மா, மறுபடி நெட் நின்னிருச்சு போல," என்றாள் பிரியந்தினி. "வச்சிட்டுத் திரும்ப எடுக்கவா?"

யோகேஸ்வரி வாயைத் திறந்தாள், கணவரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். சிதம்பரநாதன் இமைக்கவில்லை. தூக்கிய கை மரத்துப்போய்க்கொண்டிருந்தது. அவருடைய தாடைக்குக் கீழே, கோப்பையிலிருந்து ஆவி மட்டும் எழுந்து எழுந்து போனது. குழந்தை அதைக் கண்டுவிட்டான். குட்டி விரல் ஒன்று திரையைத் தொட்டு, ஆவி போகும் வழியே மெல்ல மேலே ஏறி, அவருடைய மூக்கு மச்சத்தை நோக்கி வந்தது.