பூங்கா மூலையில் இருந்த கல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கா வாசலில் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், அவருடைய அக்கா, நில அளவைத் துறையில் வேலை பார்க்கும் அவர் மாப்பிள்ளை, எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பின்னால் கேள்விப்பட்டவர்கள்.

மாப்பிள்ளைக்கு ஒரு பழைய வரைபடம் கிடைத்திருந்தது. அந்தக் காலத்தில் நகரம் எதுவரை என்று காட்ட நட்ட கற்கள் அதில் புள்ளி புள்ளியாக இருந்தன. எவை மிச்சம் என்று பார்த்துவிடும் ஆசை அவருக்கு. போஸ்ட்மாஸ்டருக்கு வேறொன்றைக் காட்டும் ஆசை. வாசலில் நின்ற இரும்புப் பலகையின் முன் எல்லோரையும் நிறுத்தினார். 'பொதுச் சொத்தில் கை வைப்போர் தண்டிக்கப்படுவர். உத்தரவு: பூங்கா மேற்பார்வையாளர்.'

"அந்த மேற்பார்வையாளர் எங்க அப்பா, மாப்பிள்ளை. அவர் இருந்தவரைக்கும் இங்க ஒரு பூவை யாரும் பறிச்சதில்லை."

"பூ தானா உதிர்ந்தாலே திட்டுவாரு," என்றாள் அக்கா.

முதல் கல் சைக்கிள் கடைக்குப் பின்னால், பழைய டயர்களுக்கு நடுவே கிடைத்தது. முழங்கால் உயரக் கருங்கல். ஒரு முகத்தில் 'நகர எல்லை' என்ற எழுத்து. பின்முகத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி.

"அளக்குற சங்கிலியை மாட்ட இதுல ஒரு கொக்கி இருந்திருக்கும், மாமா."

போஸ்ட்மாஸ்டர் குனிந்து குழிக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். அவர் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் துவைக்கிற கல்லில் இதே குழி. சோப்புத் தண்ணீர் தேங்குவது அதில்தான்.

அதற்குப் பிறகு அவருக்கு நிலைகொள்ளவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றினார், மாட்டினார். சறுக்குமரத்துப் பக்கம் இருந்த அடுத்த கல்லை மற்றவர்கள் துடைத்துப் பார்க்க, அவர் பெஞ்சில் உட்கார்ந்து உடனே எழுந்தார். அதன் பின்முகத்திலும் குழி.

"வெயில் ஏறுது. போதும், கிளம்பலாமே," என்றார்.

"இன்னும் ஒண்ணுதான் மாமா. பூங்காவோட பின்மூலை. உங்க வீட்டுக் கொல்லைச் சுவர் பக்கம்."

"அங்க ஒண்ணும் கிடையாது. நான் பிறந்து வளர்ந்த இடம், எனக்குத் தெரியாதா?"

போய்ப் பார்த்தால் கல் இல்லைதான். சுண்ணாம்புக் காரை சூழ்ந்த ஒரு சதுரப் பள்ளம், அதில் காய்ந்த இலைகள். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"எவனோ ஆட்டையப் போட்டுட்டான் சார். வேற யாரு, அந்தக் காலத்து வாட்ச்மேனாத்தான் இருக்கும். ராத்திரி முழுக்க அவன் ராஜ்யம்தானே! அவன் பேரன்கூட நம்ம பக்கத்துத் தெருவுலதான் இருக்கான். கேட்டுடுவோமா?"

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போஸ்ட்மாஸ்டர் வாயை மூடிக்கொண்டால் போதும், அவர் அப்பாவின் பெயரில் கீறல் விழாது. வாட்ச்மேனின் பேரனுக்கு விழும். அதைப் பார்த்துக்கொண்டு தலைநிமிர்ந்து நடக்க அவர் வீட்டில் யாரும் பழகியதில்லை.

"அந்தப் பையனை எதுக்கு இழுக்குறீங்க?" என்றார் போஸ்ட்மாஸ்டர். "கல்லு எங்க வீட்டுல இருக்கு. வாங்க."

கொல்லையில் ஊறவைத்த துணி வாளியை அவரே நகர்த்தினார். மாப்பிள்ளை கடப்பாரை கொடுத்து நெம்பினார். கல் புரண்டது. மண் அப்பிய எழுத்துகள்மேல் அக்கா ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள். 'நகர எல்லை.'

போஸ்ட்மாஸ்டர் மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்தே சொன்னார்: "எங்க அப்பா செஞ்ச தப்பு. நாளைக்கே இது இருந்த இடத்துக்குப் போயிடணும். ஆள் வெச்சு நட்டுடுங்க, மாப்பிள்ளை."

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"அப்பாவா? அந்த மனுஷன் தலையணையைத் தூக்கவே ஆள் தேடுவாரு! அம்மா வேலைடா. துவைக்கக் கல்லு வேணும்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கூலிக்கு ஆள் பிடிச்சு அவளே பெயர்த்துட்டு வந்தா. நீ அப்ப தொட்டில்ல."

"இத்தனை நேரம் ஏன் சொல்லலை?"

"நீ எப்ப வாயத் திறப்பேன்னு பார்த்தேன். திறந்துட்ட. அதான் சொல்றேன்."

கல் இப்போது பூங்கா மூலையில் நிற்கிறது. மேற்பார்வையாளர் பூங்காக் கல்லைத் திருடினார் என்று மருந்துக்கடையில் ஒரு பேச்சு நடக்கிறது. அது தவறு. எடுத்தவர் அவர் மனைவி. மேற்பார்வையாளர் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.