பன்னிரண்டு மயில்கள்

முதல் லேப்டாப்பைப் பார்த்தபோது கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. நான்காவதில் அது போய்விட்டது. பன்னிரண்டையும் பார்த்து முடித்து, மலைமேல் இருக்கும் வாசலூர்பட்டிப் பள்ளி வகுப்பறையின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள். பன்னிரண்டு திரைகளிலும் ஒரே மயில். காலையில் அவள் மாதிரிக்கு வரைந்து காட்டிய மயில். மவுஸ் வழுக்கி அதன் கழுத்தடியில் விழுந்த கோணல் கோட்டைக்கூட ஒருவரும் விட்டுவைக்கவில்லை.

ஈயடிச்சான் காப்பி என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஈயை அளவெடுத்து அடித்தவர்களை இன்றுதான் பார்க்கிறாள்.

கலைப் பாடத்தில் கணினியைக் கற்பனையோடு பயன்படுத்த ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி; நடத்துபவள் கோகிலா. இன்று கடைசி நாள். நான்கு மணிக்குள் பன்னிரண்டு பேரின் படங்களையும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவை தேறினால்தான் அடுத்த பேட்சுக்கும் மலைமேலேயே பயிற்சி. இல்லையென்றால் குண்டூர் நாடு, பைல் நாடு என மலையின் பல பகுதி ஆசிரியர்களெல்லாம் மலைப்பாதையில் எழுபது வளைவு இறங்கி நாமக்கல் போய்வர வேண்டும். மேலேயே நடத்த வேண்டும் என்று மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவள் கோகிலாதான்.

"சொந்தமா ஒண்ணு வரையுங்கன்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க மேடம்," என்றார் அருணாசலம். ஓய்வுபெற இரண்டு வருடமே இருக்கும் மூத்த ஆசிரியர். "அப்புறம் மாதிரியும் காட்டுனீங்க."

"அது சும்மா காட்டுனதுங்க சார்."

"போன வருசம் பாடக்குறிப்புல மாதிரியில இல்லாத ஒரு பத்தி சேத்துனேன். செவப்பு மையில சுழிச்சுத் திருப்பிட்டாங்க. மூணு தடவ எழுதுனேனுங்க."

பின்வரிசையிலிருந்து பரிமளா டீச்சர், "அந்தக் கோடு எதுக்குன்னு எங்களுக்கும் தெரியலீங்க. மயிலைக் கயித்துல கட்டியிருக்கீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலா புரொஜெக்டரில் தெரிந்த மயிலை அழித்தாள். "இப்ப மாதிரி இல்ல. வரையுங்க."

இருபது நிமிடம் ஒரு மவுஸ்கூட நகரவில்லை. மணி இரண்டே முக்கால். புதிதாக வேலைக்குச் சேர்ந்த யுவராஜ் மெல்லக் கேட்டான்: "கோவிச்சுக்காதீங்க மேடம். இந்த மயில் போன மாசம் அனுப்புன பயிற்சி வீடியோவுல வந்ததுதானுங்களே?"

அதேதான். தோகையின் கண்களை எண்ணி எண்ணி வரைந்திருந்தாள் அவள். உட்கார்ந்து, யோசித்து யோசித்து ஒரு பலாமரம் வரைந்தாள். கிளை நுனியில் காய்கள் தொங்கின.

"காயி அங்க புடிக்காதுங்க," என்றாள் பரிமளா. "கொம்பு ஒடிஞ்சு போயிரும். அடிமரத்துலதான் புடிக்கும்."

"எங்க ஊட்டு மரத்துல வேர்லயே புடிச்சிருக்குது," என்றார் அருணாசலம்.

"சார் கதை உடறாரு."

"வந்து பாரு கண்ணு."

"சொல்லாதீங்க. வரையுங்க," என்றாள் கோகிலா.

அருணாசலம் மண்ணைப் பிளந்து எட்டிப்பார்க்கும் காயை வரைந்தார். யுவராஜ் படத்துக்குப் படம் காயைப் பெருக்கவைத்து அசையும் படமாக ஓடவிட்டான். பரிமளா, பழம் விழுந்து நசுங்கும் சத்தத்தைத் தன் வாயாலேயே பதிவுசெய்து படத்தோடு சேர்த்தாள். இன்னும் இருவர் சேர்ந்துகொள்ள, மூன்றே முக்காலுக்குள் ஐந்து மரங்கள் எழுந்தன. மற்ற ஏழு பேர் மயிலை விட்டு அசையவில்லை.

பன்னிரண்டு கட்டமும் நிரம்பாவிட்டால் இணையதளம் ஏற்காது. ஐந்து மரத்தோடு ஏழு மயிலையும் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் அதிகாரியின் போன்.

"மயிலெல்லாம் நல்லாருக்கும்மா. அந்த அஞ்சு மட்டும் மாதிரியோட ஒத்துவரல. மாத்தி அனுப்பிடுங்க, அடுத்த பேட்ச் மலையிலயே வச்சுக்கலாம்."

ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. அருணாசலம் தன் வேர்ப்பலாப் படத்தை மூடிவிட்டு மயிலைத் திறந்துகொண்டிருந்தார். "அஞ்சு நிமிசமுங்க மேடம்."

"மூடாதீங்க சார்." போனில் சொன்னாள்: "அந்த அஞ்சுதான் சார் பயிற்சி. திருப்பறதுன்னா மத்த ஏழைத் திருப்புங்க."

"அப்ப நாமக்கல்லுலயே வச்சுக்கலாம்." அதிகாரி போனை வைத்துவிட்டார்.

பரிமளா லேப்டாப்பை மூடினாள். "எங்க நாத்தனா அடுத்த பேட்சுங்க மேடம். கைக்கொழந்தைக்காரி," என்றாள். "மயிலையே அனுப்பியிருக்கலாமுங்க."