காட்டெருமைக்குக் குங்குமம்

தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவருக்குத் துணி விற்பது ஒரு வேலையே இல்லை. கூட வந்த புருஷன்மார்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் வேலை. மூன்றாவது மாடியில் மனைவி பட்டைப் புரட்டும்போது இவன் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தால் வியாபாரம் படுத்துவிடும். அதற்காக எதிர்க்கடைக்காரர் செயற்கை அருவி கட்டியதும் ஜவஹர் அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. தன் கடையின் நான்காவது மாடியில் ஓர் ஆதிமனிதர் குகை கட்டினார். ஆதிகாலத்தில் ஆண் வேட்டைக்குப் போனான், பெண் குகையில் காத்திருந்தாள் என்று படித்திருக்கிறோம் அல்லவா? அண்ணாச்சியின் குகையில் அது அப்படியே தலைகீழ்.

குகைச் சுவரில் மிருகங்களைக் கீற வந்தவர் டெல்பின் டீச்சர். சாந்தோமில் வீடு, மாதா கோயில் பங்குப் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் ஆப்பிளும் குடமும் வரையச் சொல்லிக் கொடுத்த கை. அந்த பீரியடையும் பாதி நாள் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார். யாரும் பிடுங்க முடியாத ஒரு முழுச் சுவர் கிடைத்தால் விடுவாரா? வெளிநாட்டுக் குகைப் படங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தார். சிமென்ட் காய்வதற்குள் கீறிவிட வேண்டும் என்பதால் சோறு தண்ணீர் மறந்தார். ஓரத்தில் மான், குதிரை. நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு காட்டெருமை. அதன் திமிலில் தொடங்கி வால்வரை இறங்கும் முதுகுக் கோட்டை, உளியைச் சுவரிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் இழுத்தார். தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

"நான் போட்டதுலயே ஒரே நல்ல கோடு அதுதான்," என்று வீட்டுக்காரர் வில்லியமிடம் சொன்னார். "நான் செத்தா கல்லறையில ஒண்ணும் எழுத வேணாம். அந்தக் கோட்டப் போய்ப் பாருங்கன்னு சொல்லு, போதும்."

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் புத்தி விடுமா? கீழே ஒரு பலகையும் மாட்டினார்: 'காட்டெருமை. கற்கால ஓவிய பாணி.' அந்த ஒரு சொல்தான் வினையாகிப் போயிற்று.

மந்தைவெளியிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் பெரியப்பா குகைக்குள் உட்காரப் போனவர், பலகையைப் படித்துவிட்டு உட்காரவில்லை.

"நன்னா இருக்கு! கல்யாணப் புடவை வாங்க வந்த எடத்துல எருமை நின்னுண்டிருக்கு. எமனோட வாகனம்னா அது! எல்லாரும் கெளம்புங்கோ, எதிர்க்கடைக்குப் போலாம்."

பில்லுக்குப் போன பட்டெல்லாம் மறுபடி அலமாரிக்குப் போயின. அண்ணாச்சி மூச்சிரைக்க மேலே வந்தார்.

"என்ன டீச்சர், மாடுன்னு சொல்லித்தானே வரைஞ்சிய? எருமையாம்லா!"

"எருமை இல்ல அண்ணாச்சி, காட்டெருமை. அது வேற மிருகம்."

"காட்டுல நின்னாலும் ரோட்டுல நின்னாலும் எருமை எருமைதானே! யாவாரத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியளே!"

ஆயுத பூஜைக்கு மறுநாளே இடித்துவிட்டு அங்கே நைட்டி ஸ்டாண்டு போடப்போவதாகச் சொல்லிவிட்டார். டெல்பின் கெஞ்சினார். பலகையை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். பேர் கெட்டாயிற்று, இனி எடுத்தென்ன விட்டென்ன என்று அண்ணாச்சி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டீச்சருக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜையன்று அண்ணாச்சியின் மனைவி தங்கம் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினார். அந்த அம்மாளுக்குப் பொட்டு வைப்பதில் பாரபட்சமே கிடையாது. லிஃப்டுக்குப் பொட்டு, பில் மெஷினுக்குப் பொட்டு, ஏசி ரிமோட்டுக்குக்கூடப் பொட்டு. குகைக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தார்.

"நாளைக்கு இடிச்சாலும் இன்னைக்கு நம்ம கடைச் சாமான்தானே," என்று காட்டெருமையின் நெற்றியில் வட்டமாகச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

அவ்வளவுதான்! குங்குமம் வைத்த மாட்டைக் கண்டபின் நம் ஊரில் பலகையை யார் படிப்பார்கள்? மறுநாள் காலையில் மேலே வந்த ஒரு பெண்மணி "நந்தி!" என்று செருப்பைக் கழற்றினார். பின்னால் வந்தவர் எதற்கென்று கேட்காமலே கழற்றினார். அதற்கும் பின்னால் வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாலைக்குள், கும்பிட்டுப் போன கையோடு தன் பெண்ணுக்கு ஜாதகம் பொருந்திவிட்டது என்று ஒருவர் மாலையோடு வந்து நிற்க, அண்ணாச்சி கடப்பாரைக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். பழைய பலகை போன இடம் தெரியவில்லை. 'முகூர்த்தப் பட்டை நந்தி பாதத்தில் வைத்து எடுத்துச் செல்லவும்' என்று புதுப் பலகை வந்தது.

டெல்பினுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். கோடு பிழைத்ததே! பிரதோஷத்தன்று ஆசையாகப் பார்க்கப் போனார். குகை வாசலில் செக்யூரிட்டி இனாயத் செருப்புக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"செருப்ப இங்க கழட்டிக்கினு போ மேடம். உள்ள பூஜை நடந்துக்கினு கீது."

"இனாயத், நான்தான்பா, டீச்சர்."

"தெர்து மேடம். ஓனரே கழட்டிட்டுதான் போறாரு."

உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். காட்டெருமைக்குச் சந்தனக் காப்பு சாத்தியிருந்தார்கள். கொம்பு, கண், கால் எதுவும் தெரியவில்லை. கழுத்தில் எவனோ மணி வேறு செதுக்கியிருந்தான். அவர் கீறியதில் முதுகு மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. மாலை மாட்டுவதற்காக அந்தக் கோட்டின் மேலேயே ஆணி அடித்திருந்தார்கள். சிமென்ட் அங்கே பெயர்ந்திருந்தது. டீச்சருக்குப் பெற்ற வயிறாகப் பற்றி எரிந்தது. இது நந்தி இல்லை, நான் கீறினது என்று கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

அதற்குள் வரிசையில் நின்ற ஓர் அம்மாள், பூஜையில் நின்றிருந்த அண்ணாச்சியிடம் கேட்டார்: "ஏங்க, இது சுயம்புதானே? யாரோ ஆள் செதுக்கினதுன்னு கீழ ஒருத்தர் சொல்றாரே?"

வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் டெல்பினைப் பார்த்தார். டெல்பின் சுவரைப் பார்த்தார். ஆள் செய்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் வரிசை கலைந்துவிடும், நாளைக்குக் கடப்பாரை வந்துவிடும். சந்தனத்தையாவது என்றைக்காவது கழுவிவிடலாம்.

"சுயம்புதான்மா," என்றார் டெல்பின். "யாரும் செய்யல. தானா வந்தது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க யாரு?"

"நானா? புடவை எடுக்க வர்றவம்மா. கடைக்கு ரொம்ப நாளா வர்றேன்."

அந்த அம்மாள் நிம்மதியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "புடவை கீழ் மாடிங்க," என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சாமிய மறைக்கிறீங்க."

டெல்பின் தள்ளி நின்றார்.