வெள்ளிப் பூச்சுப் பூசிய குண்டு

அன்று கீழ் வயலில் இருந்தவர்கள் இவர்கள்: லெமுவேல் பிராக்ஸ்டன் ஆகிய நான், என் தங்கை வெர்னெல், உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியை மிஸஸ் பெட்டவே, அவருடைய மாணவர்கள் ஜனெல், டெஸ்மண்ட், மாரிசோல், மாவட்டத் திட்ட அலுவலகத்தின் ஹாஸ்கின்ஸ். வேறு யாரும் இல்லை.

என் தாத்தா ஐசாயாவின் தகப்பனார் கேப்ரியல், 1864இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், கறுப்பினப் படைப்பிரிவோடு அந்த வயலைக் கடந்தவர். போர் முடிந்தபின் அதையே விலைக்கு வாங்கினார். என் பெரியப்பா மகன் அதைச் சரக்குக் கிடங்கு கட்டுபவர்களுக்கு விற்றான். அவன் பெயரை நாங்கள் சொல்வதில்லை.

சண்டை மேட்டோடு நின்றுவிட்டது, கீழ் வயலுக்கு வரவில்லை என்பது ஹாஸ்கின்ஸின் கட்சி. வந்ததற்கு ஆதாரம் கிடைத்தால் அதுவும் போர்க்களம்; கட்ட அனுமதி கிடையாது. பிள்ளைகள் மூன்று சனிக்கிழமை உலோகம் தேடும் கருவியோடு நடந்தார்கள். புதையல் தேடிகள் மேல்மண்ணில் இருந்ததையெல்லாம் எப்போதோ வழித்துவிட்டிருந்தார்கள். கிடைத்தவை கலப்பை ஆணிகளும் ஒரு சோடா மூடியும்.

"இந்த மூடி எந்தப் படையோடது?" என்று ஹாஸ்கின்ஸ் சிரித்தார்.

அவருக்குக் காட்ட, நான் வீட்டுக்குப் போய் அங்கிருந்த பழைய பீரங்கிக் குண்டைத் தூக்கி வந்தேன். 1911இல் இதே வயலின் வால்நட் மரத்தடியில் உழும்போது ஐசாயா எடுத்தது. உள்ளிருந்த வெடிமருந்தைக் காலிசெய்து வீட்டுக்குக் கொண்டு வந்தார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. ஆண்டுதோறும் வீரர் நினைவு நாளன்று அதற்கு வெள்ளிப் பூச்சு அடிப்பது என் வேலை.

மாரிசோல் என்னைப் பார்த்ததும் கருவியைக் கீழே வைத்தாள்.

"சார், அப்படியே நில்லுங்க."

"ஏன், நீ தூக்கப் போறியா?"

"அதை யார் காலி பண்ணாங்க?"

"என் தாத்தா."

"அப்போ துளை எங்க சார்? துளை போடாம மருந்தை எடுக்க முடியாது. முனையில இருக்கற திருகும் கழட்டின மாதிரி இல்ல."

"என் தாத்தாவைப் பொய்யர்ங்கிறியா?"

"அவரை ஒண்ணும் சொல்லல சார். துளையைத்தான் கேக்கறேன்."

வெர்னெல் குறுக்கே பேசினாள். "லெம், அறுபது வருஷமா நீதான் அதுக்கு அலங்காரம் பண்ற. துளை இருக்கா, இல்லையா?"

அதன் ஒவ்வொரு விரற்கடையும் எனக்குத் தெரியும். துளை இல்லை. போன வசந்தத்தில் துரு உதிர அதைச் சுத்தியலால் தட்டியிருந்தேன். அந்தச் சத்தம் அப்போது காதில் கேட்டது.

"எல்லாரும் ரோட்டுக்குப் போங்க," என்றேன்.

மிஸஸ் பெட்டவே பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஹாஸ்கின்ஸ் அவர்களுக்கு முன்னால் ஓடினார். மாரிசோல் மட்டும் போகும்போதே திரும்பித் திரும்பிக் கத்தினாள்: "மெதுவா மண்ணுல வைங்க சார். முனை எதுலயும் படக் கூடாது."

பத்து வருடமாக நான் முழங்காலை மடக்கியதில்லை. தேவாலயத்தில்கூட நின்றே ஜெபிக்கிறேன். வியர்வையில் வெள்ளிப் பூச்சு வழுக்க, அங்குலம் அங்குலமாக இறங்கினேன். குண்டு மண்ணைத் தொட்டது. எழ முடியவில்லை. கையாலும் காலாலும் தவழ்ந்து ரோட்டுக்கு வந்தேன். பிள்ளைகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

மாநிலக் காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவு வந்தது. சார்ஜென்ட் தாளை எடுத்தார். "இது எங்கிருந்து வந்தது, ஐயா?"

சந்தையில் வாங்கினேன் என்றால் ஐசாயாவின் பெயர் அந்தத் தாளில் ஏறாது. வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. அப்போது ஜனெலின் காலணியைப் பார்த்தேன். வால்நட் மரத்தடிச் செம்மண் கணுக்கால் வரை அப்பியிருந்தது. மூன்று சனிக்கிழமையும் அவள் மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் உட்கார்ந்தாள். ஒன்று கிடந்த இடத்தில் இன்னொன்று கிடந்தால்?

"அந்த வால்நட் மரத்தடியில. என் தாத்தா காலி பண்ணிட்டேன்னு சொன்னார். பண்ணல."

ஹாஸ்கின்ஸ் உடனே பிடித்துக்கொண்டார். "காலி பண்ணதுல பொய்னா, இடத்துல மட்டும் உண்மையா?"

"அதை நாங்க பாத்துக்கறோம்," என்றார் சார்ஜென்ட். வெடிக்காத குண்டு கிடந்த இடத்தைத் தேடாமல் விடுவது அவர்கள் வழக்கமில்லை. அவர்களுடைய கருவி பிள்ளைகளுடையதைவிட ஆழம் பார்க்கும். மரத்தடியில் இரண்டடிக்குக் கீழே, அதே வகைக் குண்டின் பதினான்கு சிதறல்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் டெஸ்மண்ட் சிவப்புக் கொடி நட்டான். ஹாஸ்கின்ஸ் அவற்றைத் தன் கையாலேயே வரைபடத்தில் குறித்தார். பிற்பகலில் எங்கள் குண்டை வயலிலேயே வெடிக்க வைத்தார்கள். ரோட்டில் நின்ற எங்கள் நெஞ்சு அதிர்ந்தது. வெர்னெல் என் கையை விடவில்லை.

கிடங்குக்கு அனுமதி கிடைக்கவில்லை.

குண்டை ஐசாயா பிராக்ஸ்டன் காலிசெய்துதான் வைத்திருந்தார், போலீஸ்காரர்கள் சத்தத்துக்காகத் தங்கள் மருந்தை வைத்து வெடிக்கச் செய்தார்கள் என்று தேவாலயத்தில் இன்றும் பேச்சு இருக்கிறது. என்னைத் தேற்றுவதற்காகவே சொல்கிறார்கள். அவர் காலிசெய்யவில்லை.